கொரங்காட்டுப் புல்

காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் கோடையில் வெறும் பொட்டலாகத்தான் தெரியும். ஆனால் ஒரு மழைக்கே கொழுக்கட்டைப் புல்லின் காய்ந்த தூர்களிலிருந்து பச்சை கிளம்பிவிடும். இளந்தாள் மெத்தென்று இருக்கும். கதிர் விரலுக்கு லேசான சுணையோடு தட்டுப்படும். மாடு அதை நாவால் சுருட்டி இழுக்கும்போது வரும் 'சரக் சரக்' ஓசையே அதன் சுவைக்குச் சான்று. பாசனத்தில் வளரும் கம்பு நேப்பியர் இதைவிடப் பல மடங்கு விளைகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது கேட்கும் தண்ணீர் இந்த மேட்டு நிலத்தில் ஏது? கிடைத்த மழையில் மட்டுமே வந்த தீவனம் என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

முற்றினால் புரதம் குறைந்து நார் மிகும் என்பது இன்னும் வலுவான குறை. அதை இந்தக் காடு தனிப் புல்லாக நின்று சமாளிப்பதில்லை. ஊடே படரும் நரிப்பயறு புரதம் தருகிறது. புல் காய்ந்த கோடையில் வெள்வேல மரம் நெற்றுகளை உதிர்க்க, ஆடுகள் அவற்றைக் கறுக்கென்று கடித்துத் தின்கின்றன. எஞ்சியது மனிதரின் பொறுமை: கிளுவை வேலியால் காட்டைப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவது. எந்நேரமும் மேய்ந்தால் எந்தப் புல்லும் தூர் கட்டாது. கொரங்காட்டைத் தரிசு என்று எழுதுவது தவறான கணக்கு.