‘பிள்ளை’ என்னும் சொல்: கிறித்தவத் தமிழில் இறைக்குடும்ப உரிமை

முன்னுரை

கிறித்தவம் இறைவனைத் தந்தை என அழைக்கக் கற்பிக்கிறது. தந்தை ஒருவர் எனின் அவரை அவ்வாறு அழைப்போர் அனைவரும் உடன்பிறப்புகள் ஆதல் வேண்டும். தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகள் இவ்விரு உறவுகளுள் முன்னதையே, அதாவது இறைவனுக்கும் அடியவர்க்கும் உள்ள உறவையே, பக்தி இலக்கிய மரபோடு ஒப்பிட்டு மிகுதியாகப் பேசியுள்ளன. அடியவர் தமக்குள் கொள்ளும் உறவு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. இறைக்குடும்பத்தில் ஒருவர் உண்மையாகவே உரிமை பெறுவது எதனால் என்னும் வினாவிற்கு இப்பின்னைய உறவே விடை தருகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

விவிலியம் காட்டும் மூன்று நெறிகள்

புதிய ஏற்பாட்டில் இவ்வுரிமை மூன்று வகையாகச் சுட்டப்படுகிறது. யோவான் நற்செய்தி அதனைப் பிறப்பாகக் காண்கிறது. ஆயின் அது குருதியால் அமையும் பிறப்பன்று. மேலிருந்து நிகழும் மறுபிறப்பு. பவுல் அதனைத் தத்தெடுப்பாகக் காண்கிறார். உரோமையர், கலாத்தியர், எபேசியர் ஆகியோர்க்கு எழுதப்பெற்ற திருமுகங்களில் இக்கருத்து இடம்பெறுகிறது. மாற்கு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம் செயலை அளவுகோலாக்குகிறது. தாயும் சகோதரரும் வெளியே நின்று அழைக்கையில், இறைவனின் விருப்பத்தை நிறைவேற்றுபவரே தம் உறவினர் என இயேசு கூறுகிறார். மூன்று நெறிகளும் ஒன்றில் உடன்படுகின்றன. குலத்தால் வரும் உரிமை இங்குப் போதாது என்பதே அது.

சுவிகாரம் என்னும் சொல்லாட்சி

பவுலின் கருத்தைப் பழைய சீர்திருத்தத் திருச்சபைத் தமிழ் மொழிபெயர்ப்பு ‘புத்திர சுவிகாரம்’ எனப் பெயர்த்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பிள்ளைகளாக்குதல் என்னும் பொருள்பட எளிமையாக்கியது. முன்னைய சொல் இந்திய அறநூல் மரபுக்கு உரியது. அம்மரபில் சுவிகாரம் குலத்தொடர்ச்சியையும் ஈமக்கடனையும் சொத்துரிமையையும் காப்பதற்காக ஏற்பட்டது. ஒத்த குலத்திலிருந்தே மகவைத் தத்தெடுப்பது பொது வழக்காக இருந்தது. பவுலோ யூதரல்லாத பிற இனத்தாரையும் ஒரே மரபுரிமைக்குள் கொணரும் பொருட்டு இவ்வுருவகத்தைக் கையாண்டார். எனவே, குலத்தைக் காக்க எழுந்த ஒரு சொல் தமிழ் விவிலியத்தில் குல எல்லையைக் கடக்கும் பொருளை ஏற்க வேண்டியதாயிற்று. அச்சொல் புதுப்பொருளை ஏற்றது. அதனைப் படித்த சமூகம் ஏற்றதா என்பது வேறு வினா.

வளன்: குருதியின்றி அமைந்த தந்தைமை

இவ்வினாவிற்கு இலக்கியம் தரும் விடையைத் தேம்பாவணியில் காணலாம். வீரமாமுனிவர் 1726இல் நிறைவு செய்த இக்காப்பியம் மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் உடையது. இதன் தலைவன் இயேசு அல்லன். அவரை வளர்த்த சூசையாகிய வளனே. மத்தேயு நற்செய்தியின் தலைமுறைப் பட்டியல் தாவீதிலிருந்து சூசை வழியாகவே இயேசுவை வந்தடைகிறது. சூசையோ இயேசுவைப் பெற்றவர் அல்லர். அவர் குழந்தையை ஏற்றுப் பெயரிட்டமையாலேயே அப்பட்டியல் நிறைவுறுகிறது. அவ்வகையில் இறைமகனும் தாவீதின் குடும்பத்திற்குள் ஏற்பினாலேயே நுழைகிறார் எனலாம்.

வளன் ஐயுற்றதையும் ஐயம் நீங்கியதையும் காப்பியம் விரித்துரைப்பது இவ்விடத்தில் பொருளுடையது. ஏற்பு என்பது இயல்பாக நிகழ்வதன்று. உள்ளப் போராட்டத்தின் வழியே ஒருவர் எடுக்கும் முடிவு என்பதை அது காட்டுகிறது. எனினும் ஒரு குறையையும் சுட்டுதல் வேண்டும். காப்பிய மரபிற்கேற்ப வளன் அரச குலத்தோன்றலாகவே போற்றப்படுகிறான். உயர்குலத்தான் ஒருவன் பிறனை ஏற்பதைக் காப்பியம் பாடுகிறது. குலமற்றவர் எனத் தள்ளப்பட்டோர் ஏற்கப்படுவதை அது தன் மையப் பொருளாகக் கொள்ளவில்லை.

வடக்கன்குளம்: ஒரே பீடம், இரு கூடங்கள்

காப்பியம் எழுப்பாத அவ்வினாவை வரலாறு எழுப்பிற்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பெற்ற கத்தோலிக்க ஆலயம் இயேசு, மரியாள், சூசை ஆகிய திருக்குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. வளனின் குடும்பத்திற்கே எடுக்கப்பட்ட அவ்வாலயம் இரு கூடங்களைக் கொண்டிருந்தது. இருவேறு சாதியினர் தனித்தனியே அமர்ந்து, கூடங்கள் இணையுமிடத்தில் இருந்த பீடத்தை நோக்கி வழிபட்டனர். அனைவரும் ஒருவரையே தந்தை என அழைத்தனர். ஒருவரையொருவர் உடன்பிறப்பாகக் காணச் சுவர் இடம்தரவில்லை. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதனை எதிர்த்துத் தனியிட உரிமை கோரியோரின் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் கொல்லப்பட்ட அவர் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும் என்னும் கோரிக்கை முன்னரே எழுந்திருந்தது. புனிதர் பெயரில் ‘பிள்ளை’ இடம்பெறவில்லை. இங்குத் தமிழ்ச்சொல் ஒன்றின் இருபொருள் நோக்கத்தக்கது. ‘பிள்ளை’ என்பது மகவையும் குறிக்கும். குலப் பட்டமாகவும் வழங்கும். இறைவனின் பிள்ளை என்னும் தொடரில் அது எவர்க்கும் உரியது. பெயரின் பின்னொட்டாக நிற்கும்போது அது சிலரை மட்டும் சுட்டிப் பிறரை விலக்குகிறது.

முடிவுரை

தத்தெடுக்கப்பட்ட மகவு தான் பெற்ற உரிமையைத் தன் தகுதியாகக் கருத இயலாது. அதே உரிமையைப் பெற்ற மற்றொரு மகவைத் தாழ்வாகக் கருதவும் அதற்கு நியாயமில்லை. தந்தை என அழைப்பது எளிது. சுவரின் மறுபுறம் இருப்பவரை உடன்பிறப்பு என ஏற்பதே அவ்வழைப்பின் மெய்ம்மையைக் காட்டும். ஆதலின் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை ஆய்வோர் ஒரு நூல் இறைவனை எவ்வாறு பாடுகிறது என்பதோடு நின்றுவிடாமல், அது யாரை யாரோடு அமர்த்துகிறது என்பதையும் கேட்டல் வேண்டும். வளனின் காப்பியமும் வடக்கன்குளத்து ஆலயமும் ஒருங்கு வைத்து எண்ணப்படும்போதே இவ்வினாவின் முழு அழுத்தமும் புலப்படும்.