ஆறாவதாக வருகிறவன்

கோவை உக்கடம் பெரியகுளத்துப் பக்கம் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு, தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். ஜெடிக்ஸ் சானலில் பவர் ரேஞ்சர்கள் தமிழ் பேசிய காலம் அது. பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி மறந்துபோயிற்று. கூட்டத்துக்குப் புதிதாக ஒரு தோழன் வந்து சேரும் காட்சிகள் மட்டும் மனதை விட்டு அகலவில்லை. அந்தத் தொடரை எழுதியவர்களின் கைத்திறம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

ஐவர் கூட்டத்துக்கு ஆறாவதாக ஒருவன் வந்து சேரும் இந்த வழக்கத்துக்கு வேர் ஜப்பானில். 1992-இல் வந்த ‘ஜூரேஞ்சர்’ தொடரில் ஐவரின் தலைவனுக்கு அண்ணனே ஆறாமவன், பகையோடு வருகிறான். அதன் சண்டைக் காட்சிகளை வாங்கி 1993-இல் அமெரிக்காவில் எடுத்த ‘மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ்’ அவனை டாமி என்ற பள்ளி மாணவனாக்கியது. சூனியக்காரி ரீட்டாவின் மந்திரத்தில் கட்டுண்டு பச்சை ரேஞ்சராகிறான்; ஐவரையும் அடித்துப் போடுகிறான். இந்த ஒரு வருகைக்கு ஐந்து எபிசோடு. கடைசியில் சிவப்பு ரேஞ்சர் ஜேசன் அவன் கையிலிருந்த மந்திர வாளை உடைத்ததும் கட்டு அவிழ்கிறது. எதிரே தளர்ந்து கிடப்பவனுக்கு ஜேசன் கை நீட்டுகிறான். அவனிடமே அடி வாங்கியவன் நீட்டும் கை அது. அந்தக் கனம் அதில் இருக்கிறது. முதல் நாளே சேர்த்திருந்தால் பச்சை உடுப்பில் இன்னோர் ஆள் வந்திருப்பான், அவ்வளவுதான்.

நமக்கு இது பழகிய கணக்கு. கம்பனின் இராமன் குகனை ஐந்தாவது உடன்பிறப்பாகவும், சுக்ரீவனை ஆறாவதாகவும், வீடணனை ஏழாவதாகவும் எண்ணுகிறான். பகைவனின் தம்பி அடைக்கலம் கேட்டு வந்தபோது கம்பன் சட்டென்று கதவைத் திறந்துவிடவில்லை. சுக்ரீவன் மறுத்துப் பேசுகிறான். அனுமன் பரிந்து பேசுகிறான். அதன்பிறகே இராமன் முடிவு சொல்கிறான். வருகிறவனை வாசலில் கொஞ்சம் நிற்க வைத்தால், உள்ளே இருக்கிறவர்களின் குணம் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

என் மனதுக்கு மிக நெருக்கமானது 2005-இன் பவர் ரேஞ்சர்ஸ் தொடரான ‘எஸ்.பி.டி.’ அதில் சாம் என்று ஒரு சின்னப் பையன். பொருள்களை இடம் மாற்றும் சக்தி அவனுக்கு உண்டு. கெட்ட சகவாசத்தில் விழப்போகிறான். ரேஞ்சர்கள் அவனை நம்பி, பேசி, நல்ல வழிக்குத் திருப்புகிறார்கள். கதை வேறு பக்கம் போய்விடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். பிறகு ஒருநாள் 2040-ஆம் ஆண்டிலிருந்து ஒமேகா ரேஞ்சர் வந்து இறங்குகிறான். வளர்ந்த சாம்தான் அவன்! காலம் கடந்து வந்ததால் இங்கே அவனுக்கு மனித உருவம் தங்காது. சண்டை முடிந்தால் ஓர் ஒளி உருண்டையாகக் காற்றில் மிதப்பான். முகமே காட்டாத அந்தத் தோழனுக்கு எங்கள் வீட்டில் தமிழ்க் குரல்தான் முகம். அந்தக் குரலை வைத்தே அவன் சிரிக்கிறானா, கவலைப்படுகிறானா என்று கண்டுபிடித்துவிடுவோம்.

எங்களுக்குப் பின்னால் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அமுச்சி, என் அம்மாவின் அம்மா, கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அந்தப் பொடிப் பையனா இவன்?”

ஆமாம் என்றோம்.

“பாத்தீங்களா கண்ணு, அன்னைக்கு அவனைத் தொரத்தி உட்டிருந்தா, இன்னைக்கு ஆரு வந்திருப்பா?”