தைத்தவன் பெயர்

கலைப் பொருளை வியந்து, அதைச் செய்த கையை மறப்பது நம் பண்பாட்டின் பழைய நோய். இதன் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை அறிய விரும்புவோர், தோல் தைக்கும் தொழிலை நம் இலக்கியம் எவ்வாறு நோக்கியது என்று ஆராய்ந்தால் போதும்.

டிக்கோயாவில் என்னிடம் படித்து வெளியேறிய மாணவி ஒருத்தி, மேல்நாட்டு நாகரிகக் கைப்பைகளைப் போன்ற தோற்பைகளை வீட்டிலிருந்தே கையால் தைத்து விற்க விரும்பினாள். வீட்டார் தடுத்தனர். வேலை கடினமானது என்பதாலன்று. தோலைத் தொடுவது "அந்த ஆட்களின்" வேலை என்பதால். அத்தகைய பையொன்றைக் கடையில் கண்டால் அவர்களே ஆசையோடு தோளில் மாட்டிப் பார்ப்பார்கள். பையில் இல்லாத இழிவு, தைப்பவர் கையில் மட்டும் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

தொழிலின் நுட்பத்தைச் சற்றுப் பாருங்கள். தடித்த தாளில் அளவு வெட்டி, அதைத் தோலின்மீது வைத்துக் கோடிழுத்து, கூரிய கத்தியால் பிசிறின்றி அறுக்க வேண்டும். மடிக்கும் ஓரங்களைச் சீவி மெலிதாக்காவிட்டால் தையல் புடைத்து நிற்கும். பின்னர்ச் சம இடைவெளியில் குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்தி இறுக்க வேண்டும். இயந்திரத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசை அவிழத் தொடங்கும். இத்தையலிலோ ஒரு பக்கத்து இழை அறுந்தாலும் மறுபக்கத்து இழை பிடித்து நிற்கும். இது குதிரைச் சேணம் தைத்தவர்கள் கண்ட அறிவு. 1837இல் பாரிசில் குதிரைகளுக்கு வார் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய எர்மேஸ் நிறுவனம் இன்றும் தன் புகழ்பெற்ற கைப்பைகளில் இத்தையலையே போடுகிறது.

நம் முன்னோர் இந்த நுட்பத்தை அறியாதவரல்லர். பொருநராற்றுப்படையைப் பாடிய முடத்தாமக்கண்ணியார், யாழின் பத்தரைப் போர்த்திய தோலின் பொருத்துவாயை, கருவுற்ற இளம்பெண்ணின் வயிற்றில் ஓடும் மென்மயிர் ஒழுங்குக்கு ஒப்பிடுகிறார். தையலை இவ்வளவு அன்போடு பார்த்த கண் உலக இலக்கியத்தில் அரிது. ஆனால் அதைத் தைத்தவர் யார்? பாட்டு அவரைப் பற்றிப் பேசவில்லை.

புறநானூற்றின் 82ஆம் பாட்டில் அவர் தோன்றுகிறார். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, மனைவி பேறுகால நோவில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இவற்றுக்கிடையே கட்டிலுக்கு வார் பின்னுபவனின் ஊசி எவ்வளவு விரைவாக ஓடுமோ, அவ்வளவு விரைவாகக் கோப்பெருநற்கிள்ளியின் போர் நிகழ்ந்தது என்கிறார் சாத்தந்தையார். ஒரு தொழிலாளியின் கைவிரைவையும் மனத்தவிப்பையும் இரண்டொரு அடிகளில் காட்டும் பெருங்கவி அவர். ஆயினும் அரசனின் வெற்றிக்கு அளவுகோலாக வந்த அம்மனிதனுக்குப் பாட்டு வழங்கும் பெயர் "இழிசினன்" என்பதே. கைத்திறன் உவமைக்கு வேண்டும். கைக்குரியவனுக்கு மதிப்பு வேண்டாம்! இதுவே நம் இலக்கிய மரபின் முரண்பாடு.

அந்த முரண்பாட்டை உடைக்க நெடுங்காலம் சென்றது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2010இல் வெளிவந்த அந்நூலுக்கு 2012இல் சாகித்திய அக்காதமி விருது கிடைத்தது. சங்கப் பாட்டில் உவமையாக நின்றவன் இந்நாவலில் தொழிற்சங்கம் அமைக்கிறான். இதை வெறும் துயரக் கதையாகப் படிப்பது இதனைக் குறைத்துப் படிப்பதாகும்.

வீட்டு மேசையில் பை தைப்பவருக்கும் இந்நாவல் தேவை. கையில் வழவழப்பாகக் கிடக்கும் தோல் உப்பிட்டு, சுண்ணாம்பில் ஊறி, மயிர் களைந்து, பதனிடப்பட்டு வந்தது. அதற்குப் பின்னால் தொட்டிகளில் நின்ற மனிதர்கள் இருக்கிறார்கள், பாலாறு இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவினால் கெட்ட அந்த ஆற்றங்கரை மக்களின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கைவினையின் அழகைப் பேசுவோர் இதையும் பேச வேண்டும்.

விலையின் கதை வேறு. நடிகை ஜேன் பர்கினுக்காக எர்மேஸ் செய்த முதற்பை, 2025 யூலையில் பாரிஸ் ஏலத்தில் ஏறத்தாழ 86 இலட்சம் யூரோவுக்குப் போயிற்று. தைத்த கைக்கா அந்த விலை? அணிந்தவர் பெயருக்கும் நிறுவனத்தின் பெயருக்குமே. இது மலையகத்தாருக்குப் புரியாத கணக்கன்று. தேயிலைப் பெட்டியில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. நாட்டின் பெயர் இருக்கிறது. கொழுந்து பறித்தவளின் பெயர் இருப்பதில்லை.

ஆகவே என் மாணவி பெருநிறுவனத்தின் தையலைக் கற்கட்டும். முத்திரையைப் போலி செய்ய வேண்டாம். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, தன் பெயரைத் தானே அழித்துக்கொள்வதும் ஆகும். தன் பையின் உட்புறத்தில் அவள் தன் பெயரையே பொறிக்கட்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடமை உண்டு. 82ஆம் பாட்டைக் கற்பிக்கும்போது உவமை நயத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறோம். அந்த மாலையில் அவன் வேலையை முடித்து வீடு சேர்ந்தானா, பிள்ளை நலமாகப் பிறந்ததா என்று வகுப்பில் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.