கிழிசலுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள்

பழைய இதழ்களைத் தரம் பிரிப்பதை வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குள்ளே வாசிப்பு பற்றிய ஒரு கோட்பாடு இருக்கிறது, மோசமான கோட்பாடு.

அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரிஸ்' வகையறா அறிவியல் கதை இதழ்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் வந்தவை. அந்தத் தாள் நாள்பட்டால் பழுத்து, அமிலமேறி, அப்பளம் மாதிரி நொறுங்கும். படித்துவிட்டுத் தூக்கிப் போடத்தான் அச்சடித்தார்கள். இன்று அவற்றின் முதுகு மடிந்திருக்கிறதா, பின் துருவேறியிருக்கிறதா, எவனாவது பேர் எழுதி வைத்திருக்கிறானா என்று துருவிப் பார்த்து ரகம் பிரிக்கிறார்கள். அவர்கள் பாஷையில் 'குட்' என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. அடிபட்டது, கசங்கியது, படிக்க முழுசாக இருப்பது, அவ்வளவுதான். 2000இல் தொடங்கிய சிஜிசி என்கிற நிறுவனம் காமிக்ஸுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்தே கொடுக்கிறது. கூட்டைப் பிரித்தால் மதிப்பெண் போச்சு. ஆக, ஆகச்சிறந்த பிரதி வாசகனின் கை படாத பிரதி. வாசிப்பு என்பது அங்கே சேதாரக் கணக்கில் வருகிறது.

தமிழில் விஞ்ஞானக் கதை பெரும்பாலும் காமிக்ஸ் வழியாகவும் வாரப் பத்திரிகைத் தொடர்கள் வழியாகவும்தான் சனங்களிடம் வந்து சேர்ந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டிஷ் 'வேலியண்ட்' இதழில் 1962இல் தொடங்கிய கதை. முதலில் எழுதிய கென் புல்மர் விஞ்ஞானக் கதைக்காரர். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக்கை மட்டும் தெரியும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தறிமேடையில் உட்கார்ந்திருந்த பள்ளிபாளையம், குமாரபாளையம் பையன்களுக்கு இதைவிட நெருக்கமான கற்பனை வேறென்ன இருந்திருக்கும்?

மாயாவி கதைகள் பலமுறை மறுபதிப்பாகிவிட்டன. கதைதான் வேண்டுமென்றால் நல்ல தாளிலேயே படிக்கலாம். அப்படியும் பழைய இதழைத் தேடிப் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்றால், அங்கே விலை போவது கதை இல்லை. பயன்மதிப்பு முழுக்க வடிந்த பிறகு எஞ்சுகிற பரிவர்த்தனை மதிப்பு அது. வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதைப் பற்றி எழுதிய கட்டுரையைச் சேகரிப்பாளர்கள் துணைக்கு அழைக்கலாம். அவருக்கோ ஒவ்வொரு பிரதியும் அது வந்த ஊரையும் வழியையும் ஞாபகப்படுத்தியது. தரப்பட்டியல் துடைத்தெறிவது சரியாக அந்த ஞாபகத்தைத்தான்.

சேகரிப்பாளர்களை மொத்தமாகச் சாடுவதும் நேர்மையாகாது. நான் தமிழ் எம்.ஏ. படித்த இடத்தில் இந்த எழுத்துக்களுக்குப் பாடத்திட்டத்தில் ஒரு வரி இடமில்லை. எடைக்குப் போகாமல் எஞ்சியதற்குக் காரணம் தனியாட்களின் கிறுக்குத்தான். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா நாடகப் பாட்டுப் புத்தகமா, நோட்டீஸா என்று பார்க்காமல் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது; சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அந்தச் சேகரம் வாசகனுக்குத் திறந்தது. கூட்டில் அடைபட்டது யாருக்கும் திறக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'எழுத்து', 'கசடதபற' பழைய இதழ்களை மேலட்டை கசங்காமல் பூட்டி வைத்துக்கொண்டு, கேட்டால் "ஜெராக்ஸ் வேணா தர்றேன்" என்கிற நாமும் இதே ரகம்தான். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

என் அத்தை தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தவர். ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பாவு நூலிலேயே தைத்து, மாவுப் பசையால் அட்டை ஒட்டி வைத்திருந்தார். உள்ளே இரவல் வாங்கிப்போனவர்கள் பேர் வரிசையாக இருக்கிறது. இரண்டு பேருக்கு எதிரே 'திருப்பித் தரவில்லை' என்று எழுதி அடித்திருக்கிறது. பக்கங்களின் பின்புறம் பாதி ஜோக், பாதி சோப்பு விளம்பரம். 2021ஆம் வருஷத்து ரோபோ நாயின் முதுகில் அந்தக் காலத்துச் சோப்பு.

சேலத்தில் பழைய புத்தகம் வாங்கி விற்கிற ஒருத்தரிடம் அதைக் காட்டினேன். விற்கிற எண்ணமில்லை, என்ன சொல்கிறார் பார்ப்போம் என்றுதான். புரட்டினார். "ஓரம் வெட்டீட்டாங்க. பேரு எழுதீருக்குது. அட்டை ஒரிஜினல் இல்லீங்க." நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினார். ஏதோ ஒரு வாரத்து இதழ் அத்தைக்குக் கிடைக்கவில்லை. யாரிடமோ இரவல் வாங்கி, அந்த வாரத்துக் கதை முழுவதையும் கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையில் எழுதி, சேர்த்துத் தைத்திருந்தார். படம் இருந்த இடத்தில் பென்சிலில் ஒரு சின்ன நாய்.

"இதனால எச்சா அடிபடுதுங்க. எடைக்கு வேணா போட்டுக்கலாம்" என்றார்.