காம்பெல் இலக்கணமும் அன்றாடத் தெலுங்கும்

1816-இல் வெளிவந்த காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்தை நம் ஆய்வேடுகள், எல்லிசு அதற்கு எழுதிய முன்குறிப்பின் பொருட்டே எடுத்தாள்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை ஒப்பிட்டு, தெலுங்கு வடமொழியினின்று பிறந்ததன்று எனக் கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டு முன்பே காட்டிய குறிப்பு அது. அப்புகழ் தக்கதே, எனினும் அது நூலை மறைத்துவிட்டது என்பது நம் கருத்து.

நூலோ, 1812-இல் தோன்றிய சென்னைக் கல்விச் சங்கத்தில் பயின்ற கும்பினி இளைஞர்க்கான பாடநூல். (தியாகராயநகர்க்கு வடக்கே, நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலை இன்றும் அச்சங்கத்தின் பெயர் சொல்கிறது.) குடிகளின் முறையீட்டைக் கேட்டறிய வேண்டிய அவர்க்குத் தேவைப்பட்டது அன்றாடத் தெலுங்கு. மரபிலக்கணிகள் சொற்களைத் தற்சமம், தற்பவம், தேசியம், கிராமியம் என நான்காக்கி, மக்கள் பேச்சைக் கடையில் வைத்தனர். எல்லிசு தேசியத்தை உயர்த்தினார். கிராமியத்துக்கு அவர் குறிப்பில் அத்தகைய இடம் இல்லை. 'வச்சுசுன்னானு' என ஏட்டில் கற்றவன் ஊரில் கேட்பது 'வஸ்துன்னானு'. 'வருகின்றேன்' கற்றவன் மயிலாப்பூரில் 'வரேன்' கேட்டுத் திகைப்பது போன்றதே இது.

1817-இல் சென்னை வந்து அச்சங்கத்திலேயே பயின்ற சி. பி. பிரௌன், 1820-இல் கடப்பைக்கு அலுவலராகச் சென்றார். கச்சேரிகளில் தெலுங்கோடு கலந்து வழங்கிய இந்துஸ்தானி, ஆங்கிலச் சொற்களைத் திரட்டி 1854-இல் தனி அகராதியே வெளியிட்டார். புலவர் விலக்கிய சொற்களுக்கு அகராதி செய்த அத்துணிவை, அவருடைய 1852-ஆம் ஆண்டுப் பேரகராதியினும் நாம் மேலாக மதிக்கிறோம். வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே முதலாகக் கொண்ட தொல்காப்பிய மரபில் வந்த நாம், எல்லிசுவை மட்டும் மேற்கோள் காட்டி, இவ்வகராதியைத் தெலுங்கர்க்கு விட்டுவிட்டோம்.