கூரைக்கு மானியமா, மின்சாரத்துக்கு விலையா?

மொட்டை மாடியில் சூரியத் தகடு பொருத்தும் வீட்டுக்கு மத்திய அரசு பணம் தருகிறது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000. பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியபோது வைத்த இலக்கு ஒரு கோடி வீடுகள்; ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். 2025 மார்ச்சுக்குள் பத்து லட்சம் வீடுகளில் தகடு ஏறிவிட்டது. பல ஆண்டுகளாகக் கூரைச் சூரிய மின்சாரம் ஆமை வேகத்தில் நகர்ந்த நாட்டில் இது பெரிய பாய்ச்சல். இந்தத் திட்டம் வளர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனாலேயே, இந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது, யார் கைக்குப் போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் தள்ளிப்போட முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மூன்று கிலோவாட் அமைப்புக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு அதை ஒரே மூச்சில் புரட்டுவதுதான் மலைப்பு. மானியம் அந்தச் சுமையில் பாதியை இறக்குகிறது. மீதிக்குப் பிணையில்லாக் கடன் கிடைக்கிறது. பணம் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருவதால் இடைத்தரகருக்கு வேலை குறைவு. நிலமும் தேவையில்லை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்காவுக்கு 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. வீட்டுக் கூரையோ ஏற்கெனவே வெயிலில் காய்ந்து கிடக்கிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் அதே தெருவில் செலவாவதால் கம்பியில் விரயமாவதும் சொற்பம். பொதுப்பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று கேட்டால், தாராளமாகச் செலவிடலாம் என்பேன்.

எனக்குக் குறையாகப் படுவது பணம் தரும் முறை. தகடு பொருத்தி, மீட்டர் மாட்டி, அதிகாரி பார்த்துவிட்டுப் போனதும் மானியம் வந்துவிடுகிறது. அரசுக்கும் அந்தக் கூரைக்கும் உள்ள பணத்தொடர்பு அத்தோடு முடிகிறது. தகடுகளின் ஆயுள் 25 ஆண்டுகள். அவற்றில் தூசி படியும், காக்கை எச்சமிடும், பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பி நிழல் விழும், இன்வெர்ட்டர் பழுதாகும். பொருத்திக் கொடுத்தவர் போனை எடுக்காமல் போகலாம். இவற்றில் எதுவும் மானியக் கணக்கைத் தொடாது. நன்றாக விளையும் கூரைக்கும் வெறுமனே கிடக்கும் கூரைக்கும் ஒரே தொகை. மாடு வாங்க மானியம் கொடுப்பது ஒரு வழி, சொசைட்டியில் ஊற்றும் பாலுக்கு லிட்டர் கணக்கில் காசு கொடுப்பது இன்னொரு வழி. தீவனத்திலும் வைத்தியத்திலும் கவனத்தைத் தக்கவைப்பது இரண்டாவது வழிதான்.

ஜெர்மனி இந்த இரண்டையும் செய்து பார்த்த நாடு. 1990இல் அங்கே தொடங்கிய ஆயிரம் கூரைத் திட்டம் செலவில் 70 சதவீதம் வரை மானியமாகக் கொடுத்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகளோடு அது முடிந்தது. 2000ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் வேறு பாதையில் போனது: கூரையிலிருந்து கம்பிக்கு வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நிர்ணயித்த விலை, இருபது ஆண்டுகளுக்கு. சூரிய மின்சாரத்துக்குத் தொடக்க விலை, அன்றைய ஜெர்மன் காசில், 99 ஃபெனிக். சந்தை விலையைவிடப் பல மடங்கு அதிகம் என்று பலர் கொதித்தார்கள். ஆனால் புதிதாகச் சேருவோருக்கான விலை ஆண்டுதோறும் இறங்கும்படி சட்டமே எழுதப்பட்டிருந்தது. விற்பனை உறுதியானதால் தொழிற்சாலைகள் பெருகின, தகட்டின் விலை சரிந்தது. இன்று நம் ஊர் மாடிகளில் மலிவாக ஏறும் தகடுகளின் விலையில் ஜெர்மன் குடும்பங்கள் அன்று கட்டிய மின்கட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தின் பிழையும் அதே கட்டணத்தில்தான் இருந்தது. கூரைக்காரர்களுக்குத் தரும் விலையை எல்லா வீடுகளின் மின்கட்டணத்திலும் கூடுதல் தொகையாக ஏற்றினார்கள். 2014இல் அது யூனிட்டுக்கு 6.24 சென்ட்டாக வளர்ந்திருந்தது. மின்சாரத்தை அதிகம் விழுங்கும் பெருந்தொழில்களுக்கோ அதில் பெரும் சலுகை. ஜெர்மானியர்களில் சரிபாதிப் பேர் வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். சொந்தக் கூரை இல்லாத அவர்கள், கூரை உள்ளவர்களின் வருமானத்துக்கு மாதாமாதம் கட்டினார்கள். அந்தக் கூடுதல் தொகையைக் கட்டணத்திலிருந்து எடுத்துவிட்டு அரசே ஏற்றுக்கொண்டது 2022 ஜூலையில்தான். யூனிட்டுக்கு விலை என்ற ஏற்பாடு சரி, அதற்கான பணத்தை ஏழை வீட்டு மின்கட்டணத்தில் வசூலித்தது தவறு என்பதே அந்த இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் நான் காண்பது.

நம் திட்டம் வரிப்பணத்தில் நடக்கிறது. அந்த மட்டில் ஜெர்மனியின் பிழை இங்கே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் அது வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது.

இங்கே 2016 மே மாதம் முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் குடும்பத்துக்கு வரும் பில்லே சில நூறு ரூபாய்தான். அந்தக் குடும்பம் கடன் வாங்கித் தகடு போட்டால் எதை மிச்சப்படுத்தும்? இரண்டு ஏசி ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறி ஏறுகிறது. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்கு மேல். ஏசி வீட்டின் பில்லில் உச்சப் படிகள் அப்படியே கரைந்துவிடும். ஆக, 78,000 ரூபாய் யாருக்கு உண்மையில் பயன்படுகிறதோ அவரே ஊரில் அதிகம் செலவழிப்பவர். அந்த உச்சப் படிக் கட்டணம்தான் கீழே உள்ளவர்களின் மலிவு மின்சாரத்துக்கு ஓரளவு முட்டுக்கொடுக்கிறது. அது குறையக் குறைய மின்வாரியத்தின் பள்ளம் ஆழமாகும். அதை நிரப்ப மறுபடி எல்லோரிடமும்தான் வருவார்கள்.

அதிகம் செலவழிப்பவர் தகடு போடுவது குற்றமில்லை. அவர் போடட்டும், நிறையப் போடட்டும். கேள்வி பொதுப்பணத்தைப் பற்றியது. வாடகைக் குடித்தனக்காரர் விண்ணப்பிப்பது எளிதல்ல, மாடி வீட்டுக்காரருடையது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை தாங்காது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத வீட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்பதிலேயே காரியம் நின்றுவிடும். அடுக்ககச் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காக மட்டும் கிலோவாட்டுக்கு 18,000 உண்டு. லிஃப்டும் மோட்டாரும் ஓடும், தனித்தனி வீட்டு பில் அப்படியே இருக்கும்.

பகலில் விளைவதும் இரவில் செலவாவதும் ஒன்றுக்கொன்று ஈடாகக் கழிக்கப்படுவதை மின்துறையினர் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். மதியம் மலிந்து கிடக்கும் யூனிட்டும் மாலை ஏழு மணிக்குத் தட்டுப்பாடாகும் யூனிட்டும் சம மதிப்புடையவை அல்ல, உண்மைதான். கூரைகள் மிகப் பெருகும்போது இது தலைவலியாகும். பாட்டரிக்கும் மாலை நேர விநியோகத்துக்கும் தனி ஊக்கம் தந்து இதைத் தீர்க்க வழி உண்டு. இதைக் காட்டி இப்போதே கூரைகளை முடக்கப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

யூனிட்டுக்குக் காசு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 2012இல் வந்த மாநிலச் சூரிய ஆற்றல் கொள்கை, வீட்டுக் கூரையில் விளையும் யூனிட்டுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகள் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் 50 பைசா என்று அறிவித்தது. 2014 மார்ச்சுக்குள் பொருத்தியவர்களுக்கே அது செல்லும் என்று வைத்ததால், தகடு மலிவதற்கு முன்பே கதவு மூடிக்கொண்டது. டெல்லி அரசு 2024இல் அறிவித்த கொள்கையில் மூன்று கிலோவாட் வரை யூனிட்டுக்கு 3 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்கு. மத்திய மானியத்துக்கு மேல் கிடைக்கும் தொகை இது. கூரை இல்லாதவர்கள் வேறிடத்தில் உள்ள தகடுகளில் பங்கு வாங்கித் தங்கள் பில்லில் கழித்துக்கொள்ளவும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பணமும் கூடுதலாகத் தேவைப்படாது. மூன்று கிலோவாட் கூரை ஆண்டுக்குச் சுமார் 4,300 யூனிட் தரும். 78,000 ரூபாயைப் பத்து ஆண்டு விளைச்சலின் மீது பரப்பினால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 80 பைசா. முன்பணம் இல்லாமல் திணறும் வீட்டுக்குப் பாதியைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டு, மறுபாதியை மீட்டர் காட்டும் யூனிட்டுக்கு 90 பைசாவாகத் தரலாம். அதிகம் செலவழிக்கும் வீடுகளுக்கு முன்பணத்தைக் குறைத்து, அதில் மிஞ்சுவதைக் கொண்டு அரசுப் பள்ளிகள், நூலகங்கள், பேருந்து நிலையங்களின் மாடிகளில் தகடு போட்டு, அந்த விளைச்சலைச் சுற்றுவட்டார வாடகைக் குடித்தனங்களின் சர்வீஸ் எண்களில் வரவு வைக்கலாம். 100 யூனிட்டுக்கு மேல் போகும் கோடை மாதங்களில் அவர்களுக்கு அது உதவும். இப்போதைய திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த கட்டத்துக்கான விதிகளை எழுதும்போது, விண்ணப்பப் படிவத்தில் வீட்டு உரிமையாளர் பெயருக்குக் கீழே குடியிருப்பவர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும்.