துண்டுக்கென்று வரைந்த கரை

“ஒரு கேமுக்கு எதுக்கு மாமா இம்புட்டு ரூவா குடுக்கிய? சும்மா கெடைக்குததே ஆயிரம் கெடக்கே!”

அக்கா மகன் இப்படிக் கேட்டபோது நான் பணம் கட்டி முடித்து, கேம் இறங்குவதற்காகக் காத்திருந்தேன். பத்து ஜிபிக்கு மேல் இறங்க வேண்டும். அவன் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறவன், விடுமுறைக்குச் சங்கரன்கோவில் வந்திருந்தான். அவன் தலைமுறைக்குப் போன் கேம் என்றாலே பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போல இலவசமாக இறங்குவதுதான். துப்பாக்கிக்குப் பளபளப்பான உறை வாங்கத்தான் காசு, கேமுக்கு எதற்குக் காசு? அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. அன்று நான் சொன்ன பதில் அரைகுறையாக இருந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் ஆடிய பெரிய கேம் ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்துகொள்வோம். கீபோர்டு ஒருவனுக்கு, மவுஸ் இன்னொருவனுக்கு. பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் சுற்றுவோம், ரேடியோவை மாற்றுவோம், போலீஸ் துரத்தினால் ஓடுவோம். மணி முடிந்ததும் கடைக்காரர் திரையை அணைத்துவிடுவார். அந்த கேமுக்குள் ஒரு கதை இருக்கிறது, அது ஓர் இடத்தில் முடிகிறது என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 2012 டிசம்பரில், வெளிவந்த பத்தாம் ஆண்டை ஒட்டி, அது போனுக்கு வந்தது. வாங்கினேன். நான் காசு கொடுத்து வாங்கிய முதல் கேம் அது. அடுத்த ஆடி மாதம், மொட்டை மாடியில் காற்று சட்டையைப் பிய்த்துக்கொண்டு போகிற ஒரு சாயங்காலத்தில், அந்தக் கதையின் முடிவை முதல் தடவையாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் முற்றத்தில் மட்டுமே நின்றிருந்த ஒரு வீட்டுக்குள் கடைசி அறைவரை போய்வந்தது போலிருந்தது.

அந்த மகிழ்ச்சியில் அடுத்தடுத்து வாங்கினேன், ஏமாந்தும் போனேன். பெயர் வேண்டாம், கன்சோலில் நன்றாக ஓடிய ஒரு சண்டை கேம். கண்ட்ரோலரில் இருக்கிற பன்னிரண்டு பொத்தான்களையும் அப்படியே கண்ணாடி மேல் வட்டம் வட்டமாக வரைந்து வைத்திருந்தார்கள். எதிரி வருகிற திசையை என் பெருவிரலே மறைத்தது. எழுத்தைப் படிக்கப் போனைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. படம் என்னவோ கன்சோல் படம்தான். ஆனால் இன்னொருவனுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுகிற மாதிரி இருந்தது.

எங்கள் தெருவில் விசைத்தறி போட்டிருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவருக்கு கேம் எதுவும் தெரியாது. தறியை நிறுத்தாமலே சொன்னார்: “சீலைக் கரையத் துண்டுல போடணும்னா கரையச் சுருக்கக் கூடாதுய்யா. இழையக் கொறச்சா பூ கோணிப் போவும். துண்டுக்குன்னு பூவப் புதுசா வரையணும்.”

போன் கேமைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. இழை குறைவு என்பது இங்கே கணக்குப் போட்டே பார்க்கக்கூடிய விஷயம். பிளேஸ்டேஷன் 5 ஒரு பெரிய கேமை ஓட்டும்போது 200 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். சூட்டை வெளியே தள்ள உள்ளே பெரிய விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். சாதாரணப் போனுக்கு விசிறி கிடையாது. ஏழெட்டு மில்லிமீட்டர் தடிமனுக்குள், சில வாட்டுகளில் எல்லாம் நடக்க வேண்டும். கூடுதலாக இழுத்தால் முதுகு கொதிக்கும், கொதித்தால் சிப்பு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் அதற்குப் பத்து நிமிஷம் போதும். அதனால் கைதேர்ந்தவர்கள் படத்தைச் சிறிய அளவில் வரைந்து, பிறகு நுட்பமாகப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். எந்த நிழலை விட்டால் கண்ணுக்குத் தெரியாது, எதை விட்டால் அந்த இடத்தின் உயிர் போய்விடும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து எடுக்கிறார்கள். எனக்கு இது நெசவுக்காரரின் வேலைதான். இழை எண்ணித்தான் பூ வரைய வேண்டியிருக்கிறது.

அக்கா மகன் கேட்ட அன்று நான் வாங்கிய கேம் ‘ஏலியன்: ஐசோலேஷன்’. 2014-ல் கன்சோலுக்கும் கணினிக்கும் வந்தது. கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கி, சேகா வெளியிட்டது. 2021 டிசம்பரில் அதைப் போனுக்குக் கொண்டுவந்தவர்கள் லண்டனைச் சேர்ந்த ஃபெரல் இன்டராக்டிவ். அடுத்தவர் செய்த கேமை வேறு கருவிக்கு மாற்றித் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். கதை 1979-ல் வந்த ‘ஏலியன்’ படத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நடக்கிறது. காணாமல்போன தாயைத் தேடி மகள் அமாண்டா ஒரு பாழடைந்த விண்வெளி நிலையத்துக்கு வருகிறாள். அங்கே ஒரு வேற்றுயிர் அலைகிறது. அதைக் கொல்ல முடியாது. ஒளியலாம், விரட்டலாம், தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

இந்த கேமின் மேதைமை அந்த உயிர் நடமாடும் விதத்தில் இருக்கிறது. அதற்கு எழுதிவைத்த பாதை கிடையாது. இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. ஒன்று மேலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பது. நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும், ஆனால் அது வேற்றுயிருக்கு முழு உண்மையைச் சொல்லாது, ‘அந்தப் பக்கம் போய்ப் பார்’ என்று ஜாடை மட்டும் காட்டும். இன்னொன்று வேற்றுயிரின் சொந்த மூளை. அது கண்ணாலும் காதாலும் தேடித்தான் நம்மைக் கண்டுபிடிக்க வேண்டும். நமக்குப் பயம் குறையவும் கூடாது, அநியாயமாகப் பிடிபட்டோம் என்று தோன்றவும் கூடாது. அந்த நடுக்கோட்டைப் பதினைந்து இருபது மணி நேரத்துக்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

போனுக்கு மாற்றியவர்கள் இதில் எதையும் வெட்டவில்லை. பின்னால் தனித்தனியாக வெளியான கூடுதல் அத்தியாயங்களையும் சேர்த்தே தந்திருக்கிறார்கள். கைக்காக எதை மாற்ற வேண்டுமோ அதை மாற்றியிருக்கிறார்கள். திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானையும் நாமே நகர்த்தலாம், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். என் இடது பெருவிரல் கொஞ்சம் குட்டை. கருவியை எடுக்கும் பொத்தானை அதற்குத் தக்கபடி கீழே இறக்கி வைத்துக்கொண்டேன்.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அசைவைக் காட்டும் ஒரு சின்னப் பெட்டி. எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தால் பச்சைத் திரை ஒளிரும். பெட்டியைப் பார்த்தால் எதிரே உள்ள நடைபாதை மங்கிவிடும், நடைபாதையைப் பார்த்தால் பெட்டி மங்கும். இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும். டிவியில் ஆடும்போது இது ஒரு நல்ல உத்தி. போனிலோ உள்ளங்கையில் நிஜமாகவே ஒரு சின்னப் பெட்டி ஒளிர்ந்துகொண்டிருக்கிறது, அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறேன். அமாண்டாவின் கையும் என் கையும் ஒன்றாகிவிடுகின்றன. கன்சோலில் கிடைக்காத ஒன்றைப் போன் தந்த இடம் இது.

ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு ஹெட்போன் மாட்டி ஆடிக்கொண்டிருந்தேன். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் சத்தமே அல்ல, தாலாட்டு. அலமாரி ஒன்றுக்குள் ஒளிந்திருக்கிறேன், சன்னமான பட்டைகள் வழியே அதன் கால்கள் தெரிகின்றன. சட்டென்று கரண்ட் போயிற்று. தெரு முழுக்கத் தறிகள் ஒரே நொடியில் நின்றன. அந்த அமைதியில் அதன் மூச்சுமட்டும் என் காதுக்குள் கேட்டது. கையில் இருந்த ஒளி ஒன்றுதான் வீட்டிலேயே ஒளி. அந்த ஐந்து நிமிஷத்துக்கே நான் கொடுத்த விலை தகும்.

இருட்டிலிருந்து வெயிலுக்கு வருகிறேன். ‘ஸ்டார்டியூ வேலி’யை எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நாலரை ஆண்டு தனியாக உட்கார்ந்து செய்து 2016-ல் வெளியிட்டார். தாத்தா விட்டுப்போன தரிசு நிலத்தைத் திருத்திப் பயிர் வைப்பதுதான் கேம். 2018-ல் ஐபோனுக்கும் 2019-ல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. விலை ஐந்து டாலருக்குள். கணினியில் ஒவ்வொரு வேலைக்கும் கருவியை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். போனில் மரத்தைத் தொட்டால் கோடாலியும் பாறையைத் தொட்டால் பிக்காசும் தானாகக் கைக்கு வரும். இன்னொரு மாற்றம் சின்னதாகத் தெரியும், ஆனால் ரொம்பப் பெரியது. கணினியில் அந்த நாள் முடிந்து படுத்தால்தான் ஆட்டம் சேமிப்பாகும். போனிலோ நடுவில் அழைப்பு வந்தாலும் விட்ட இடத்திலேயே திரும்ப நிற்கலாம். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, டிக்கெட் பரிசோதகர் வருவதற்குள் பரங்கிக்காய் அறுவடை செய்து, படுத்து எழுந்து சென்னையில் இறங்குவதற்குள் மறுநாள் விதைப்பை முடித்திருக்கிறேன். சிக்னல் தேவையே இல்லை.

அம்மா ஒருநாள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வானம் பார்த்த பூமியில் பருத்தி போட்டவள் அவள். “தெனம் தெனம் தண்ணி ஊத்துதியே, எந்தக் கெணத்துலல எறைக்க?” என்று கேட்டாள். குளத்தைக் காட்டினேன். “வத்தாதா?” என்றாள். வற்றாது என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி, பெரிய விலைக் கதை. 2023-ல் ஐபோன் 15 ப்ரோ வந்தபோது, டிவிக்கு முன் உட்கார்ந்து ஆடுகிற அதே கேம்கள் போனிலும் ஓடும் என்றார்கள். ஓடவும் செய்தன. அக்டோபர் இறுதியில் ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’, டிசம்பரில் ‘ரெசிடென்ட் ஈவில் 4’, 2024-ல் ‘டெத் ஸ்ட்ராண்டிங்’, ‘அசாசின்ஸ் கிரீட் மிராஜ்’. அப்போது முழு விலை 40 முதல் 60 டாலர். போனின் விலை இந்தியாவில் அன்றைக்கு 1,34,900 ரூபாய். தொழில்நுட்ப சாதனை என்ற அளவில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சட்டைப் பைக்குள் போகிற கண்ணாடித் துண்டில் ‘வில்லேஜ்’ கேமின் கிராமத்துப் பனி விழுவதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். ஆனாலும் நம் வாசகர் கேட்டால், வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பத்தடி தள்ளி உட்கார்ந்து, பெரிய திரையில், கண்ட்ரோலரோடு ஆடுவதற்காக வரைந்த கரை அது. தனியாகக் கண்ட்ரோலர் வாங்கி மாட்டினால்தான் சுகப்படும். அப்படி மாட்டிய பிறகு அது சட்டைப் பைக்குள் போகாது. ஐபேடும் மேக்கும் வீட்டில் இருந்து, ஒரே விலையில் மூன்றிலும் ஆடக்கூடியவர்களுக்குக் கணக்கு வேறு. இவற்றுள் பலவற்றில் தொடக்கப் பகுதி இலவசம், அதை ஆடிப் பார்த்துவிட்டே முடிவெடுக்கலாம்.

விலையை மணிக்கணக்கால் வகுத்துப் பார்ப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் கன்சோலுக்கும் கணினிக்கும் வெளியிட்ட ‘வெண்பா’வை நண்பர் ஒருவரின் ஸ்விட்ச்சில் ஆடினேன். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், 1988-ல் தொடங்குகிற கதை. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது, விட்டுப்போன வரியை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே முதல் புதிர். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், விலை 15 டாலர். மகன் கவின் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடத்தில் நான் ஸ்விட்ச்சைக் கீழே வைத்துவிட்டேன். மறுபடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு எந்த வகுத்தல் கணக்குப் போடுவது? அடுத்த ஆண்டு பாஃப்டா அதற்கு முதல் படைப்புக்கான விருதைத் தந்தது. தமிழில் இன்னும் பத்து கேம் இப்படிக் கைக்கு வந்தால், பத்தையும் முழு விலைக்கு வாங்குவேன்.

மருமகனுக்கு நான் மறைக்காமல் சொன்ன ஆபத்து ஒன்று உண்டு. 2014-ல் ‘பயோஷாக்’ 15 டாலருக்கு ஐபோனுக்கு வந்தது. அடுத்த ஆண்டே இயங்குதளம் புதுப்பித்தபோது ஓடாமல் போய், கடையிலிருந்தும் காணாமல் போனது. டிஸ்க் என்றால் அலமாரியில் இருக்கும், அலுத்தால் விற்கவும் செய்யலாம். போனில் வாங்குவது கணக்கோடு ஒட்டிக்கொண்டது, விற்க முடியாது. அதனால் வாங்கிய கையோடு ஆடி முடித்துவிடுகிறவன் நான். கைக்கு ஒத்துவரவில்லை என்றால் முதல் இரண்டு நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்ப்பேன். கூகுளின் குடும்ப நூலகத்தில் சேர்த்தால் ஒருவர் வாங்கியதை வீட்டில் மற்ற ஐந்து பேரும் ஆடலாம், அதையும் செய்து வைத்திருக்கிறேன்.

“சும்மா கெடைக்குதது” என்று அவன் சொன்னதைப் பற்றியும் பேசினோம். இலவச கேம் முடியவே கூடாது, முடிந்தால் காசு வராது. அதனால் நடுவில் நிறுத்தி வைக்கும், ‘எட்டு மணி நேரம் கழித்து வா, அல்லது வைரம் வாங்கு’ என்று சொல்லும். அதை வடிவமைக்கிறவனின் மூளை முழுக்க நம்மை எங்கே நிறுத்துவது என்பதில் போகிறது. முழு விலை வாங்கியவன் அந்த மூளையை நடைபாதையின் விளக்கில், மூச்சுச் சத்தத்தில், பரங்கிக்காயின் நிறத்தில் செலவழித்திருக்கிறான். மருமகனின் துப்பாக்கி உறைக்கு இதுவரை எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, “அத விடுங்க மாமா” என்றான்.

அன்று ராத்திரி என் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான். பன்னிரண்டு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோதும் மாடியில் வெளிச்சம் தெரிந்தது. மேலே போய், சாப்பிட்டியா, படுக்கலையா என்று கேட்டேன். ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், உதட்டில் விரலை வைத்தான்.

“பேசாதிய மாமா. அலமாரிக்குள்ள இருக்கேன்.”